பெரியகல்லாற்று அறிக்கையை மீளப்பெற்ற கதை

வாவி ஆவணத் தரநிலையின் புதிய பதிப்பைத் தயாரிக்க உங்களை நியமித்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வாழ்த்துச் சொல்வதா அனுதாபம் சொல்வதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. உங்கள் பொறுப்பாளர் என்னிடம் கேட்டது ஒரு சின்ன விளக்கக் குறிப்பு: எந்தப் பகுதி எதற்காக வந்தது, ஏன் அப்படி எழுதப்பட்டது என்று. அதெல்லாம் தரநிலையின் பின்னிணைப்பில் இருக்கிறது. ஒருவரும் அதை வாசிப்பதில்லை என்பது வேறு விஷயம். நான் இங்கே எழுதுவது பின்னிணைப்பில் இல்லாதது.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மட்டக்களப்பில் ஒரு சின்ன நீர் ஆய்வுகூடத்தில் ஆவணப் பொறுப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள். விஞ்ஞானி அல்ல. விஞ்ஞானிகள் எழுதியதை உரிய இடத்துக்கு உரிய உருவில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. வெளியிலிருந்து பார்த்தால் தபால்காரர் வேலை மாதிரித் தெரியும். தபால்காரருக்குக் கடிதத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்ற கவலை இல்லை. எனக்கு அது இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போது மட்டக்களப்பு வாவியைச் சுற்றி நான்கு அலுவலகங்கள் ஒரே தண்ணீரை ஆராய்ந்துகொண்டிருந்தன. நாங்கள், பல்கலைக்கழகத்துக்காரர்கள், நீர்ப்பாசனக் கந்தோர், கரடியனாற்றுப் பக்கம் வேலை செய்த விவசாய ஆய்வாளர்கள். ஒருவர் எழுதியதை மற்றவரால் திறக்க முடியாது, திறந்தாலும் விளங்காது. நீர்ப்பாசனக் கந்தோர் தாளைப் போனில் படம் பிடித்து அனுப்பும். பல்கலைக்கழகம் அனுப்புவது அவர்களுடைய கணினியில் மட்டும் திறக்கும். விவசாயக்காரர்கள் திகதி போடவேண்டிய இடத்தில் ‘பெரும்போகம், விதைப்புக்குப் பிறகு’ என்று எழுதுவார்கள். வயலில் நிற்கும் மனிதருக்கு அது போதும். கணினிக்கு மாரியும் தெரியாது, கோடையும் தெரியாது.

அதனால்தான் முகத்தாள் என்ற யோசனை வந்தது. ஒவ்வொரு அறிக்கையின் தலையிலும் ஒரே மாதிரியான ஒரு பக்கம். யார் எழுதியது, எந்த இடத்துத் தண்ணீர், மாதிரி எடுத்தது என்றைக்கு, அறிக்கை என்ன நிலையில் இருக்கிறது. நான்கு கந்தோர்க் கணினிகளும் அதைத் தாமாகவே வாசித்து உரிய இடத்தில் வைத்துக்கொள்ளும். கேட்பதற்கு ஒரு பின்னேர வேலை போல இருக்கிறது, இல்லையா? எங்களுக்கு அது வருடக்கணக்கில் இழுத்தது.

கூட்டங்களைக் குருக்கள்மடத்தில் ஒரு பொது மண்டபத்தில் வைத்தோம். அங்கே ஒரே ஒரு மின்விசிறி. அதற்குக் கீழே யார் இருப்பது என்பதே முதல் பிரச்சினை. அப்படியிருந்தும் அங்கேதான் வைக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். ஒரு கந்தோரில் கூட்டம் வைத்தால் அந்தக் கந்தோர்க்காரர் வீட்டுக்காரர் ஆகிவிடுவார், மற்றவர்கள் விருந்தாளிகள் ஆகிவிடுவார்கள். விருந்தாளி வாய் திறந்து மறுப்புச் சொல்ல மாட்டார். வீட்டுக்குப் போன பிறகுதான் சொல்வார், அதுவும் வேறு ஆளிடம். நீங்களும் பொது இடமாகப் பாருங்கள். தேநீர் நன்றாக இருந்தால் போதும்.

முதல் கூட்டத்தின் காலை முழுவதும் முகத்தாளில் எந்தக் கந்தோரின் பெயர் முதலில் வருவது என்பதில் போனது. அகரவரிசையில் கணினியே போடட்டும் என்றேன். ஒருவருக்கும் திருப்தியில்லை, ஆகவே எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். தரநிலை வேலையில் பல விஷயங்கள் இப்படித்தான் முடியும்.

நான் சொல்ல வந்தது ‘நிலை’ என்ற பகுதியைப் பற்றி. என் முதல் நகலில் அதற்கு மூன்று தெரிவுகள் இருந்தன: வரைவு, முடிவு, மீளப்பெற்றது. மூன்றாவதைக் கண்டதும் பல்கலைக்கழக விரிவுரையாளர் பேனையை மூடிவிட்டார்.

“மிஸ், ஒரு மனிசன் எழுதின அறிக்கைக்கு நேர ‘மீளப்பெற்றது’ எண்டு போட்டா, அந்தாள் பிறகு இந்தத் துறையில தலை காட்டேலுமா? தேவையில்லாத வேலை. எடுத்து விடுங்க.”

மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் மேலதிகாரியின் முகத்தை நினைத்துக்கொண்டார்கள் என்று தெரிந்தது. ஒருவரும் எனக்காகப் பேசவில்லை. மூன்றாவது தெரிவு போய்விட்டது.

முதலாவது தெரிவான ‘வரைவு’ தாளில் மிஞ்சியது, பாவனையில் மிஞ்சவில்லை. இது நம்முடைய கந்தோர்களுக்கே உரிய பழக்கம், நீங்களும் கண்டிருப்பீர்கள். பெரியவர் ஒருவரின் பெயர் போட்ட அறிக்கையில் இளையவர் ‘வரைவு’ என்று அடிக்க மாட்டார். அடித்தால், சேர் எழுதியதில் இன்னும் திருத்த இருக்கிறது என்று நான் சொல்கிறேன் என்று ஆகிவிடும். அதனால் வாயால் சொல்வார்கள். இல்லாவிட்டால் மின்னஞ்சலில் ஒரு வரி எழுதுவார்கள்: ‘இது இறுதியானதல்ல, தயவுசெய்து கவனத்தில் எடுக்கவும்.’ அறிக்கையின் முகத்தாளில் மட்டும் ‘முடிவு’ என்று இருக்கும். மின்னஞ்சல் வந்த இடத்தில் நின்றுவிடும், அறிக்கை ஊர் சுற்றும்.

ஒரு கடும் வெயில் காலத்தில், காற்றும் இல்லாத நாட்களில், பெரியகல்லாற்றுப் பக்கம் வாவியில் மீன் செத்து மிதந்தது. வாவியை அங்கே ஆறு என்றுதான் சொல்வார்கள். அந்த ஊர் மீனவர் சங்கத்தின் செயலாளர் நாகேந்திரன், ஐஸ் போட்ட பெட்டியில் செத்த மீனை அடுக்கிக்கொண்டு பஸ்ஸில் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தார். பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் யார் இருந்தார்களோ, பாவம்.

“ஆத்துல மீன் செத்து மிதக்குது மிஸ். கந்தோர்க்காரனுக்கிட்டக் குடுத்தா அவன் தடைதான் போடுவான், பேசாம இரு எண்டு எங்கட ஆக்கள் சொன்னாங்க. நான்தான், இல்ல, அவங்க பாத்து உண்மையச் சொல்லுவாங்க எண்டு கொண்டு வந்த. பாத்துச் சொல்லுங்க.”

அந்தப் பகுதியில் எங்களுக்கு வள்ளமும் இல்லை, ஆளும் இல்லை. அங்கிருந்து ஒரு மாதிரி கிடைப்பதென்றால் அது நாகேந்திரன் போன்ற ஒருவரின் தயவில்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தலைமை விஞ்ஞானியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நாங்கள் எல்லோரும் சேர் என்றே சொன்னோம். கறாரான மனிதர். அறிக்கையில் ‘மிகவும்’ என்ற சொல்லைக் கண்டால் வெட்டிவிடுவார். முதல் சோதனையில் மீன் தசையில் பயிருக்கு அடிக்கும் மருந்தின் தடயம் போல ஒன்று தென்பட்டது. ‘சந்தேகிக்கப்படுகிறது, உறுதியாகும்வரை இப்பகுதி மீனைத் தவிர்ப்பது நல்லது’ என்று எழுதினார். அந்த நேரத்தில் அதை எழுதாமல் விட்டிருந்தால்தான் பிழை.

முகத்தாளை நிரப்பியது என்னுடன் வேலை செய்த சுகந்தி. ‘நிலை’ என்ற இடத்துக்கு வந்ததும், சேரின் பெயரைப் பார்த்தாள், ‘முடிவு’ என்று போட்டாள். மின்னஞ்சலில் மிகவும் பணிவாக, இது தற்காலிக அறிக்கை என்று எழுதினாள். மூன்று கந்தோர்களுக்கும் போனது. அங்கிருந்து யாரோ அறிக்கையை மட்டும் ஒரு போன் குழுவில் போட்டார்கள். மதியத்துக்குள் அது கொழும்பு மீன் மொத்த வியாபாரிகளின் கையில் இருந்தது. பெரியகல்லாற்று மீன் கரையிலேயே நின்றது. ஆற்று மீன் மட்டுமல்ல, கடல் மீனையும் வாங்க ஆளில்லை. கொழும்பில் இருப்பவருக்கு ஆறு எது கடல் எது என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

இரண்டாவது சோதனை சில நாட்களில் முடிந்தது. மருந்து இல்லை. முதலில் தென்பட்ட தடயம், மாதிரியை வைத்த போத்தலில் இருந்து வந்தது. வெயிலுக்குத் தண்ணீரில் பிராணவாயு குறைந்து மீன் மூச்சுமுட்டிச் செத்திருக்கிறது. வாவியில் அது புதிதல்ல. சேர் புதிய அறிக்கை எழுதினார், சுகந்தி முகத்தாள் போட்டாள், அனுப்பினோம். முடிந்தது என்று நினைத்தோம்.

இரண்டு நாள் கழித்து றஹீம் காக்கா வந்தார். காத்தான்குடி வியாபாரி, அண்ணன் என்ற முறையில் எல்லோரும் காக்கா என்போம். பெரியகல்லாற்று மீன் அவருடைய லொறியில்தான் கொழும்புக்குப் போகும். சத்தம் போடாத மனிதர். போனை என் மேசையில் வைத்தார்.

“மிஸ், இது உங்கட கடுதாசி. இதுவும் உங்கட கடுதாசி. ரெண்டுலயும் ஒரே ஆள்ட பேர். ரெண்டுலயும் ‘முடிவு’ எண்டு இரிக்கி. எது உண்மை எண்டு கொழும்பான் கேக்கான். நான் என்னத்தச் சொல்லுற?”

“பிந்தி வந்ததுதான் சரி, காக்கா.”

“பிந்தினது எண்டு எதுல எழுதியிரிக்கி? ரெண்டுலயும் ஒரே திகதிதானே?”

பார்த்தேன். ஒரே திகதிதான். முகத்தாளில் இருப்பது மாதிரி எடுத்த நாள். நாங்கள்தான் அப்படித் தீர்மானித்தோம், ஒரு கூட்டம் முழுக்க விவாதித்து. ஒரே மாதிரியைப் பற்றிய இரண்டு அறிக்கைகளுக்கு வேறு எந்தத் திகதி வரும்? கணினிகள் ஒன்றும் பிழை செய்யவில்லை. நாங்கள் சொன்னபடி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தன.

“கொழும்பான் சொல்லுறான், ரெண்டு கடுதாசி இருந்தா நான் கெட்டதத்தான் நம்புவன் எண்டு. அவனப் பிழை சொல்லேலாது மிஸ். அவன் விக்கிறது சாப்பாடு” என்றார் றஹீம் காக்கா.

அவர் போனதும் எங்கள் கணினிப் பிரிவில் இருந்த ஒருவர் ஒரு வழி சொன்னார். நான்கு கந்தோர்களும் பார்க்கும் பொதுக் களஞ்சியத்தில் இருக்கும் முதல் அறிக்கையை எடுத்துவிட்டு, அதே பெயரில் இரண்டாவதை வைத்துவிடலாம். ஐந்து நிமிட வேலை. யாரும் சேரிடம் போய் நிற்கத் தேவையில்லை. மேலிடத்திலிருந்தும் காலை முதல் அழைப்பு வந்துகொண்டிருந்தது, ‘எப்படியாவது இண்டைக்கு முடியுங்க’ என்று. அந்த ‘எப்படியாவது’ என்ற சொல்லைக் கேட்கும்போது நீங்கள் கொஞ்சம் நிதானியுங்கள். அது சொல்பவருக்குப் பொறுப்பில்லாத சொல்.

வேண்டாம் என்றேன். களஞ்சியத்தில் இருப்பதை நாம் மாற்றலாம். நூறு பேருடைய போனில் இருப்பதை யார் மாற்றுவது? நாளைக்கு யாராவது அந்தப் பழைய தாளைக் காட்டி, இதை ஏன் ஒளித்தீர்கள் என்று கேட்டால், இரண்டாவது அறிக்கையையும் சேர்த்து யாரும் நம்ப மாட்டார்கள். முதல் அறிக்கை இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும். அதன் நெற்றியில் ‘மீளப்பெற்றது’ என்று எழுதியிருக்கவேண்டும். எழுதுவதற்கு அதை எழுதியவர் சம்மதிக்கவேண்டும்.

சேரின் அறைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அப்படித்தான்.

“என்ட அறிக்கை பிழையில்ல புள்ள. சந்தேகம் எண்டுதான் எழுதின.”

“ஓம் சேர். நீங்க எழுதினது பிழையில்ல. ஆனா வெளியில நிக்கிறது பிழை.”

“‘மீளப்பெற்றது’ எண்டு போட்டா ஆக்கள் என்ன சொல்லுவாங்க எண்டு தெரியும்தானே?”

“சொல்லத்தான் செய்வாங்க சேர்.”

இல்லை சேர், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். அது பொய். பொய் சொல்லி ஒரு மனிதரிடம் கையெழுத்து வாங்கினால் அது அவருடைய முடிவாக இராது. அந்த மனிதர்மேல் எனக்கு இருந்த மரியாதையைவிட அந்த நேரத்தில் பயம் கூட.

சேர் கதிரையை இழுத்துக் கணினிக்கு முன்னால் இருந்தார். தானே அடித்தார்: ‘முதற் சோதனையில் தென்பட்ட தடயம் இரண்டாவது சோதனையில் உறுதியாகவில்லை. முதல் அறிக்கையை நான் மீளப்பெறுகிறேன்.’ ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அடுத்த சிக்கல் எனக்கு வேடிக்கையாக இருந்தது, சேருக்கு இருக்கவில்லை. ‘மீளப்பெற்றது’ என்ற நிலையைத்தான் குழு நீக்கிவிட்டதே! எங்கள் கணினியில் அதைச் சேர்த்து அனுப்பினோம். மற்ற மூன்று கந்தோர்க் கணினிகளும் அறிமுகமில்லாத நிலை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டன. தன் வாயால் பிழையை ஒத்துக்கொள்ள வந்த மனிதரை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்புகிற ஏற்பாட்டை நாங்கள் பாடுபட்டு உருவாக்கியிருந்தோம்.

சேர் போனை எடுத்தார். மூன்று தலைமைகளுடனும் ஒவ்வொருவராகப் பேசினார்.

“என்ட அறிக்கைய நான் மீளப்பெறுறன். உங்கட மெஷின் ஏற்காட்டி ஆளப் போட்டுக் கையால மாத்துங்க. ஓம், என்ட பேரோடதான். இண்டைக்கே.”

மாற்றினார்கள். பழைய அறிக்கையைத் திறந்தால் அது மீளப்பெறப்பட்டது, இதைப் பாருங்கள் என்று புதியதைக் காட்டியது. புதியதைத் திறந்தால் தான் எதற்குப் பதிலாக வந்தேன் என்று சொன்னது. றஹீம் காக்கா அதைக் கொழும்புக்கு அனுப்பினார். சந்தை உடனே திரும்பவில்லை, மெல்ல மெல்லத்தான் திரும்பியது.

இந்த இடத்தில் நான் கதையை முடித்திருந்தால் உங்களுக்கு ஒரு நல்ல பாடம் கிடைத்திருக்கும். ஆனால் அதற்கு அடுத்த வாரம் நாகேந்திரன் வந்தார். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“எங்கட ஆறு, எங்கட மீன், கொண்டுவந்து தந்ததும் நான். அதப்பத்தின கடுதாசி நாலு கந்தோருக்குப் போகுது, கொழும்புக்குப் போகுது. எனக்கு மட்டும் லொறிக்காரன் வந்து சொல்லித்தான் தெரியணும். தடை எண்டதும் அவர் சொல்லித்தான் தெரியும், தடையில்ல எண்டதும் அவர் சொல்லித்தான் தெரியும். எங்கட ஆக்கள் என்னப் பாத்து என்ன கேக்காங்க தெரியுமா? நீதானே காட்டிக் குடுத்த எண்டு. இனி மீன் கேட்டு வராதீங்க மிஸ். ஒண்டும் தரமாட்டம்.”

போய்விட்டார். நான் முகத்தாளை எடுத்துப் பார்த்தேன். எங்கள் முகத்தாளில் அனுப்புபவருக்கு இடம் இருந்தது, பெறும் கந்தோருக்கு இடம் இருந்தது. அறிக்கை யாரைப் பற்றியதோ அவருக்கு இடம் இருக்கவில்லை. அவர் மீன் தராவிட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். வயல் பக்கத்திலிருந்து உண்மையாகவே ஒருநாள் மருந்து இறங்கினால், எங்களுக்குத் தெரிய வருமுன் அது யாருடைய சோற்றுக் கோப்பையிலோ இருக்கும்.

அடுத்த குருக்கள்மடக் கூட்டத்தில் மூன்றாவது நிலை திரும்ப வந்தது. விவாதமே இல்லை. சேரின் பெயர் முதலாவதாக அதில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு மற்றவர்களுக்கு என்ன வெட்கம்? இளையவர்களும் ‘வரைவு’ என்று பயமில்லாமல் அடிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் அடிப்பதற்கு முன் சேரே தன் அறிக்கைகளில் அடித்துவிடுவார்.

சண்டை வந்தது நான் புதிதாகக் கேட்ட பகுதியில். ‘பாதிக்கப்படக்கூடியவர்கள்’ என்று ஓர் இடம். அதில் பெயர் இருப்பவர்களுக்கு, கந்தோர்களுக்குப் போகும் அதே நேரத்தில், எளிய தமிழில் ஒரு சுருக்கத்துடன் அறிக்கை போகவேண்டும். திருத்தம் வந்தால் அதுவும் அப்படியே போகவேண்டும். அந்தக் கூட்டத்துக்கு நாகேந்திரனையும் அழைத்திருந்தேன். வரமாட்டார் என்று நினைத்தேன், வந்தார். கதவுப் பக்கக் கதிரையில் இருந்தார்.

விரிவுரையாளர் மறுத்தார். “நாங்க விஞ்ஞானம் எழுதுறம் மிஸ், நோட்டீஸ் எழுதல்ல. இண்டைக்கு மீன்காரர், நாளைக்கு வயல்காரர். ஆளுக்காள் வந்து அறிக்கைய மாத்தச் சொல்லுவாங்க.” அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. எதிர்த்துப் பேசுபவரை மூடன் என்று எண்ணிக்கொண்டு தரநிலை எழுத முடியாது. அவருடைய பயத்துக்கும் தாளில் ஓர் இடம் கொடுக்கவேண்டும்.

நாகேந்திரன் எழும்பினார். “எனக்குப் பெரிசா ஒண்டும் வேணாம். வெளியில போக முதல் ஒருக்கா எனக்குக் காட்டுங்க. அது போதும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவரை அழைத்தவள் நான். ஓம் என்று சொல்லிவிட்டால் அந்த நிமிடமே அவருடைய கோபம் ஆறும், மீனும் வரும். நான் ஏலாது என்றேன்.

“முதல் காட்டேலாது நாகேந்திரன். உங்களுக்கு முதல் காட்டினா வயல்காரருக்கும் முதல் காட்டணும். பிறகு வயல்காரரைப் பத்தி ஒரு அறிக்கை வந்தா, அவங்க சொல்லி மாத்தினதோ எண்டு நீங்களே கேப்பீங்க. ஒரே நேரத்தில வரும். ஒரு நிமிசம் முந்தவும் மாட்டாது, பிந்தவும் மாட்டாது.”

“அப்ப என்னை என்னத்துக்குக் கூப்பிட்ட நீங்க?”

அதற்கு நான் வாய் திறக்குமுன் சேர் பேசினார். அன்று முழுவதும் அவர் பேசியது அந்த ஒரு தரம்தான். விரிவுரையாளரைப் பார்த்துத்தான் பேசினார்.

“என்ட பேர்ல ஒரு பிழையான கடுதாசி ஊர் சுத்தினது. அது போன இடமெல்லாம் எனக்குத் தெரியா. போகாத இடம் மட்டும் தெரியும். மீன் தந்த ஊருக்குப் போகல்ல.”

அந்தப் பகுதி நிறைவேறியது. முன்கூட்டி யாருக்கும் காட்டப்படாது என்ற வரியும் அதோடு சேர்ந்தது, அது விரிவுரையாளர் எழுதிய வரி. நாகேந்திரன் தேநீர் குடிக்காமலே எழும்பி பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவருடைய போன் இலக்கத்தை மட்டும் சுகந்தி ஓடிப்போய் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வெயில் காலம் வந்தது. எங்களுக்கு மாதிரி ஒன்றும் வரவில்லை. கேட்டும் நாங்கள் போகவில்லை, அவர் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஒருநாள் காலை என் போன் அடித்தது. நாகேந்திரன்தான்.

“மிஸ், வயல் வாய்க்கால் வந்து விழுற மூலையில மீன் கிடக்கு. இந்தமுற வெயில் மாதிரித் தெரியல்ல. நண்டும் செத்திருக்கு. தோணியொண்டு மறிச்சு வைச்சிருக்கன். வாங்க.”

போனோம். இந்த முறை போத்தல்களைச் சேர் இரண்டு தரம் கழுவுவித்தார். முதல் சோதனையில் மருந்து தெரிந்தது, அதுவும் நன்றாகவே. சேர் அறிக்கையை எழுதி, நிலை என்ற இடத்தில் ‘வரைவு’ என்று தானே போட்டார். சுகந்தி பாதிக்கப்படக்கூடியவர்கள் என்ற இடத்தில் பெரியகல்லாறு மீனவர் சங்கம் என்று போட்டாள். பொத்தானை அழுத்துமுன் தாளை இன்னொரு தரம் வாசித்தேன். சென்ற முறை வந்ததும் இதே செய்திதான். இதே சேர், இதே முதல் சோதனை. சென்ற முறை அது பிழையாகப் போனது. இந்தத் தாளை அவர்கள் ஏன் நம்பவேண்டும்?

அனுப்பிவிட்டு ஆய்வுகூட வாகனத்தில் ஏறிப் பெரியகல்லாற்றுக்கே போனேன். அது என் வேலையில்லைதான். ஆனால் அன்று கந்தோரில் இருக்க முடியவில்லை. தோணித் துறையில் ஆட்கள் நாகேந்திரனைச் சுற்றி நின்றார்கள். அவர் போனைக் கையில் பிடித்து அவர்களுக்கு உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். பின்னேரத் தொழிலுக்குத் தோணிகள் தண்ணீரில் தயாராக நின்றன. றஹீம் காக்காவின் லொறியும் வந்து நின்றது. அவரும் தன் போனில் அதே தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போனமுறையும் இப்பிடித்தானே சொன்னாங்க” என்று ஒருவர் சத்தம் போட்டார். “பிறகு ஒண்டுமில்ல எண்டாங்க.”

நாகேந்திரன் என்னைக் கண்டு கிட்ட வந்தார். உண்மையா என்று என்னிடம் கேட்கவில்லை.

“இதுல ‘வரைவு’ எண்டு கிடக்கு மிஸ். அப்ப மாறலாம்?”

“மாறலாம்.”

“மாறினா எனக்கு வருமா?”

“கொழும்புக்குப் போற அதே நிமிசம் வரும்.”

போனைச் சட்டைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு துறைப் பக்கம் திரும்பினார்.

“தோணியெல்லாம் கரைக்கு ஏத்துங்க. அடுத்த கடுதாசி வரும்வரைக்கும் ஆத்துல வலையில்ல.”

சத்தம் போட்டவரும் தண்ணீரில் இறங்கித் தன் தோணியைக் கரைக்குத் தள்ளினார். இரண்டாவது சோதனை முடியும்வரை பெரியகல்லாற்றில் ஒரு தோணியும் இறங்கவில்லை.